கற்றாழைக்குப் போட்ட மலை மண்

போடி நர்சரியில் கள்ளிச்செடித் தொட்டிக்கு மண் கேட்டேன். கை தானாகக் கறுத்த இலைமக்கு மூட்டைக்குள் போனது.

"அது வேணாம்க்கா, தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிரும். மணலும் செங்கத்தூளும் பாதிக்குப் பாதி கலந்து தர்றேன்" என்றாள் கடைக்காரப் பெண். விரலில் ஒட்டிய ஈர வாசனை அதற்குள் என்னைச் சிலமலைக்கு இழுத்துப் போயிருந்தது.

அப்பாவின் தங்கை அங்கே புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது எல்லாரும் பித்தளைக் குடம் கொண்டுவந்தார்கள். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அப்பா, குரங்கணியிலிருந்து ஜீப்பில் இதே ஈர வாசனையோடு ஒரு சாக்கு மலை மண் கொண்டுவந்தார். திருஷ்டிக்காக நிலைக்கு மேல் தலைகீழாகக் கட்டியிருந்த கற்றாழையைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், மண்ணில்லாமத் தொங்குது" என்று அவிழ்த்து, அந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி நட்டார். ஏலச்செடிக்கு ஊற்றுவதுபோல் ஊற்றிவிட்டு, "தெனமும் ஊத்து ஆத்தா" என்று தங்கையிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

பொங்கலுக்குப் போனபோது கற்றாழை கூழாகி நாறிக் கிடந்தது. "தொங்குன மேனிக்கு நல்லாத்தான இருந்துச்சுண்ணே. நீங்கதான் அழுக வச்சுட்டீக" என்றாள் அத்தை, மாமா வீட்டு ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது. அப்பா சிரித்தபடியே தொட்டியைத் தூக்கிப்போய்க் கொட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஊத்திப் பாருங்கக்கா" என்று கடைக்காரப் பெண் கலந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, செம்புத் தண்ணீரோடு நீட்டினாள். ஊற்றிய தண்ணீர் நொடியில் அடித்துளை வழியாக ஓடிவிட்டது.

"ஒண்ணுமே தங்கலையே, பாவம். இன்னொரு செம்பு ஊத்தட்டா?" என்று கேட்டது நான்தான்.

அவள் சிரித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.