கவிழ்த்துப் போட்ட வள்ளம்

ஸப்னா மூன்றாவது தடவையாக வார்டில் சேர்ந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பிசியோதெரபிஸ்ட்டாக வேலைக்கு வந்து ஐந்தே மாதம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஸப்னாவுக்கு எட்டு வயது, நாட்பட்ட நுரையீரல் நோய். சளி தேங்கினால் காய்ச்சல்தான். தினமும் சாப்பாட்டுக்கு முன் தலை தாழ்வாகப் படுக்க வைத்து, முதுகில் தட்டிச் சளியை எடுக்க வேண்டும். தாளில் எழுதியே கொடுத்திருந்தேன்.

"வீட்ட செய்றீங்களா?"

"ஓம் மிஸ்," என்றார் அவளுடைய உம்மா, நிலத்தைப் பார்த்தபடி.

இன்னொரு தடவை வந்தால் கொழும்பு ஆஸ்பத்திரிக்குத்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு அந்த உம்மா அங்கே எப்படி இருப்பார்? ஸப்னா வீடு திரும்பிய வாரமே அவர்களுடைய ஊரான குறிஞ்சிப்பிட்டிக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் போனதும் விளங்கியது. என் தாளின் முதல் வரி: 'கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தவும்.' அந்த வீட்டில் கட்டிலே இல்லை!

"நாங்க பாயிலதான் மிஸ் படுக்கிற. தலகணி அடுக்கிப் பாத்தம், புள்ள வழுக்கி உழுகுது. ஒங்களுக்கிட்ட சொல்ல வெக்கம்," என்றார் உம்மா.

வெட்கப்பட வேண்டியவள் நான். முற்றத்துக்கு வந்தேன். பழுது பார்க்க, ஸப்னாவின் வாப்பா தன் மீன்பிடி வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். என்ன அருமையான சரிவு!

"பாயைக் கொண்டு வாங்க!" கத்தியேவிட்டேன்.

அதன்மேல் பாயை விரித்து ஸப்னாவைப் படுக்க வைத்தேன்: இடுப்பு மேட்டில், தலை சரிவில். வாப்பா தட்டினார், பளார் என்றது.

"கையைக் குவிங்க நானா," என்றேன். " வள்ளத்துல தண்ணி அள்ளுற மாதிரி."

அவ்வளவுதான். அடுத்த தட்டு 'பொக், பொக்'! அந்தச் சத்தம் வர, படிக்கிற காலத்தில் எனக்குப் பல வாரம் பிடித்தது.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கேட்டார்: "என்ன தம்பி, காலையிலயே புள்ளயப் போட்டு அடிக்கிற?"

"அடிக்கல்ல ராத்தா, சளி கழட்டுற!" என்றார் வாப்பா.

"என்னக் கருவாடு மாதிரி காயப்போட்டிருக்காங்க, மாமி!" என்றாள் ஸப்னா, தலைகீழாகவே.

பிறகு அவளை உட்கார வைத்து, கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவதுபோல் 'ஹா' என்று ஊதச் சொன்னேன். மூன்றாவது 'ஹா'வில் இருமல் வந்தது. கோப்பையில் கெட்டியாக, பச்சையாக...

"வந்துட்டு மிஸ்!" உம்மா துள்ளினார். நானும்தான். சளியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

வள்ளம் பழுது தீர்ந்து கடலுக்குப் போனதும் வாப்பா அதே சரிவில் பலகை அடித்தார். ஸப்னா இப்போது கிளினிக்குக்கு மட்டும்தான் வருகிறாள். கொழும்புப் பேச்சே இல்லை.

நானும் இப்போது, "வீட்ட எதில படுக்கிறீங்க?" என்று கேட்ட பிறகுதான் பேனையை எடுக்கிறேன். கொடுப்பது ஸப்னா திருத்திய தாளின் பிரதி. முதல் வரியைப் பென்சிலால் வெட்டி, மேலே எழுதியிருக்கிறாள்: 'கட்டில் இல்லாட்டி, வீட்டில என்ன சரிவா இருக்கு எண்டு மிஸ்ஸ வந்து பாக்கச் சொல்லவும்.'