சிவப்புக் கண்ணாடியும் சீட்டு டப்பாவும்

காது டாக்டரின் மருத்துவமனையில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. இருபத்திரண்டு வருடமாக அக்காவுக்கு அந்த அறையில்தான் வேலை. வருகிறவரின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அழுத்துங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்பார். சும்மா இருப்பதுதான் யாருக்கும் வராது. சத்தமே அனுப்பாத நேரத்திலும் அழுத்தித் தள்ளுவார்கள். அக்கா முகம் சுளிக்க மாட்டார். நேருக்கு நேர் உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாக மறுபடியும் சொல்வார்.

இந்தப் பொறுமைதான் அவரை இணையத்தில் ஒரு பங்குச்சந்தைக் குழுவுக்கு அட்மின் ஆக்கியது. ஆயிரத்து நானூறு பேர். பத்து வருடமாகச் சம்பளத்தில் ஒரு சின்னப் பங்கைப் போட்டு ஷேர் வாங்கி வைப்பவர் என்ற அளவில்தான் அக்கா அதில் சேர்ந்தார். சுயவிவரப் படமாக மருத்துவமனைச் சுவரில் தொங்கும் காதுப் படத்தை வைத்திருந்ததால் எல்லோருக்கும் 'காதக்கா' ஆனார். யார் சண்டை போட்டாலும் அவர் சத்தம் போடாமல் பதில் எழுதுவார். பழைய அட்மின், "என்னால முடியல தாயே, நீங்களே கட்டி மேய்ங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

குழுவில் பாதிச் சண்டைக்குக் காரணம் ஒரே ஆள்தான். டிவியில் தினமும் மாலை நான்கு மணிக்கு வந்து எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று முழங்கும் நிபுணர். சிவப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி அணிந்திருப்பார். பெயரே 'சிவப்புக் கண்ணாடி' என்று ஆகிவிட்டது. "நம்ம குடும்பமே, கேளுங்க!" என்று மேஜையைத் தட்டித்தான் ஆரம்பிப்பார். அவர் சொன்னால் வேதவாக்கு என்று ஒரு கூட்டம். அவர் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தாலே பிழைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கூட்டம்.

முதல் கூட்டத்துக்குத் தலைவர் வெளியாள் இல்லை, அக்காவின் சொந்தக் கொழுந்தனார். அக்காவின் வீட்டிலேயே கீழ்த்தளத்தில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், காலை நீட்டிப் படுக்கக்கூட முடியாத ஒரு கடையில் மாற்றுச் சாவி செய்து கொடுப்பார். குழுவில் அவர் பெயர் 'சாவி'. எதிர்க்கூட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் யாராவது பிழையோடு எழுதினால் முதலில் எழுத்தைத் திருத்திவிட்டுத்தான் திட்டுவார்.

ஒரு மாலை சிவப்புக் கண்ணாடி, தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் ஷேரை வாங்கச் சொன்னார். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க!" என்று மேஜையை இரண்டு முறை தட்டினார். சாவி வாங்கினார். பதினைந்தே நாளில் அது மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. வாத்தியார் குழுவில் எழுதினார்: "பம்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது. பணத்தை உறிஞ்சி எடுத்துவிட்டது." சாவி பதிலுக்கு எழுதியது அச்சில் ஏற்றக்கூடியது இல்லை. அக்கா அதை அழித்துவிட்டார்.

மறுநாள் காலை கொழுந்தனார் டீக்கு மேலே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எட்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறாத ஆள். படியில் எதிரே வந்தபோது, "ஊரான் பேசினா நிக்குது, நான் பேசினா அழிச்சிடறீங்க. நல்லா இருக்கு அண்ணி உங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். அக்காவுக்கு முள் தைத்தது போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தார். இரண்டு வருடம் முன்பு, ஒரு குறிப்பிட்ட வாரத்தில் சிவப்புக் கண்ணாடி வாங்கச் சொன்ன பத்து கம்பெனிகளைப் பழைய வீடியோக்களைப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு சந்தையில் உள்ள நூறு கம்பெனிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். கணவரைக் கூப்பிட்டார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சந்தை என்றால் அவருக்குக் காய்கறிச் சந்தைதான்.

"கண்ணை மூடிக்கிட்டுப் பத்துச் சீட்டு எடுங்க."

"எதுக்குன்னு சொல்ல மாட்டியா?"

"முதல்ல எடுங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் பக்திப்பூர்வமாகக் கண்ணை மூடி எடுத்துக் கொடுத்துவிட்டு வேனைக் கழுவப் போனார்.

இருபது பெயர்களையும் கலந்து அக்கா குழுவில் போட்டார். "இதுல பத்து, ரெண்டு வருஷம் முன்னாடி சிவப்புக் கண்ணாடி சொன்னது. மீதிப் பத்து வேற ஒருத்தர் தேர்ந்தெடுத்தது. எது யாருதுன்னு சொல்லுங்க பாக்கலாம். ஒரு வாரம் டைம்."

குழுவே பரீட்சைக்குப் படிப்பதுபோல் உட்கார்ந்தது. இந்த இரண்டு வருடத்தில் இருபதில் பதினொன்று ஏறியிருந்தது, ஒன்பது இறங்கியிருந்தது. சாவி தயங்கவே இல்லை. ஏறினதில் பத்தைப் பொறுக்கி, "இதெல்லாம் எங்க ஆளு" என்றார். வாத்தியாரும் தயங்கவில்லை. இறங்கின ஒன்பதையும் அள்ளி, கூட ஒன்றைப் போனால் போகிறதென்று சேர்த்து, "இவைதான் அவருடைய திருப்பணி" என்று எழுதினார். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் இதையே செய்தார்கள்.

வாரம் முடிந்ததும் அக்கா விடையைப் போட்டார். நிபுணரின் பத்தில் ஐந்து ஏறியது, ஐந்து இறங்கியது. மற்றவருடைய பத்தில் ஆறு ஏறியது, நான்கு இறங்கியது. கீழே ஒரு வரி: "அந்த மற்றவர் என் வீட்டுக்காரர். வேன் ஓட்டுறார். டப்பாவுல கைய விட்டு எடுத்தார்."

முதலில் எழுதியது ஒரு கைக்குட்டைக் கடைக்காரர்: "அக்கா, அண்ணன் நம்பர் கிடைக்குமா?"

எல்லோரும் சிரிப்புப் படங்களைப் போட்டார்கள். ஆனால் கடைக்காரர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்துவிட்டார். அவருக்குப் பின்னால் நாலு பேர், அப்புறம் பதினைந்து பேர். "அண்ணே, இந்த வாரம் ஒரே ஒரு சீட்டு மட்டும் எடுங்கண்ணே." முதலில் கணவர் பதறினார். இரண்டாம் வாரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் ஓர் இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்தபடியே, "இந்த மாசம் உலோகமெல்லாம் சரியில்ல" என்றார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க?"

"இல்ல, எனக்குத் தோணுது."

"எப்படித் தோணுது?"

"அது அப்படித்தான். அனுபவம்."

சிரிப்பதா அழுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அதே நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்த கொழுந்தனார் படியேறும் சத்தம் கேட்டது. கதவருகே நின்று, போனை நீட்டினார். "அண்ணி, என்ன கூத்து இது? எங்கண்ணன் சொல்லுச்சுன்னு கைக்குட்டைக் கடைக்காரர் தன் கையில இருந்த இரும்புக் கம்பெனி ஷேரெல்லாம் வித்துட்டாராம். குழுவுல பெருமையா போட்டிருக்காரு."

கணவரின் முகம் வெளுத்தது. "நான் விக்கச் சொல்லலடா. காலையில அவர்கிட்ட சரியில்லன்னுதான் சொன்னேன்."

"டேய் அண்ணே, உனக்குக் கரண்ட் பில் எங்க கட்டறதுன்னே தெரியாது. நீ உலோகத்தைப் பத்திப் பேசறியா?" என்று சொல்லும்போதே சாவிக்குச் சிரிப்பு பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தார். கடைசியில் கணவருக்கும் வேறு வழி இல்லை. அன்றிரவே கடைக்காரருக்குப் போன் செய்து, "தம்பி, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, டப்பாவுல எடுத்தது தவிர" என்று மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர், "பெரிய மனுஷங்க இப்படித்தான் அடக்கமா பேசுவாங்க" என்றார். அவரை நம்பவைக்க அக்கா அரைமணி நேரம் பேச வேண்டியிருந்தது.

கொழுந்தனார் டீ குடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"உண்மையச் சொல்லட்டா அண்ணி? அந்த ஆளு சொல்றது சரியா தப்பான்னு நான் கணக்குப் பாத்ததே இல்ல. காலையிலேர்ந்து கடையில சாவியும் நானும்தான். வர்றவங்க, எவ்ளோங்கறாங்க, போயிடறாங்க. நாலு மணிக்கு ஒருத்தன் வந்து 'நம்ம குடும்பமே'ங்கறான். அவனைப் போய் ஒருத்தர் திட்டினா பொறுக்கல."

அக்கா முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னார்: "உங்க மெசேஜை அழிச்சது தப்பில்ல தம்பி. அழிச்சப்புறம் கீழ இறங்கி வந்து உங்ககிட்ட பேசாதது தப்பு."

"விடுங்க அண்ணி" என்று அவர் தம்ளரை நீட்டினார். அக்கா இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

வாத்தியார் மட்டும் விடவில்லை. பத்து போதாது, நூறாவது வேண்டும், அதுதான் அறிவியல் என்றார். "ஆமாம் சார், பத்து கம்மிதான். நீங்களே எடுத்துப் பாருங்க, நம்பறேன்" என்று அக்கா எழுதினார். அவர் மூன்று வாரம் குழுப் பக்கமே வரவில்லை. வந்தபோது ஒரு பட்டியல் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு சிபாரிசு. ஐம்பத்தேழு ஏறியிருந்தது, ஐம்பத்தைந்து இறங்கியிருந்தது. அடியில் எழுதியிருந்தார்: "அவர் சொன்னபடி நடந்தாலும் பயனில்லை. நான் சொன்னபடி எதிராக நடந்தாலும் பயனில்லை. நானும் தோற்றேன் என்பதைப் பதிவு செய்கிறேன்." அதற்கு முதலில் கைதட்டல் போட்டது சாவிதான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ சொல்லி, குழுவில் முப்பது பேர் ஒரு பூங்காவில் சந்தித்தார்கள். வாத்தியார் குள்ளமாக, மெல்லிய குரலோடு இருந்தார். எழுத்தில் கேட்ட இடிமுழக்கத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. இடது காது சரியாகக் கேட்கவில்லை என்று அக்கா இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்து, அவருடைய வலப்பக்கமாக இடம் மாறி உட்கார்ந்தார். சாவி அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ஒரு மணி நேரம் யாரும் சந்தையைப் பற்றிப் பேசவே இல்லை. முழங்கால் வலி, பிள்ளைகளின் படிப்பு, வாடகை வீட்டுக்காரர் என்று பேச்சு ஓடியது. கணவர் தள்ளி, புல்லில் படுத்துத் தூங்கிவிட்டார்.

கிளம்பும்போது வாத்தியார், "உங்க கடை எங்க இருக்கு?" என்று சாவியிடம் கேட்டார். நான்கு மணிக்கு வேலை இல்லாமல் வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாராம். சாவி வழி சொன்னார். சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னார்.