கெளுத்தியின் வயிறு

சேலம் மீன்கடையில் கெளுத்தியின் வயிற்றைக் கீறும்போது எழும் சேற்று வாடைக்கு இன்றும் நான் விலகிப் போய் நின்றுகொள்கிறேன். மோகனூரில் காவிரியை ஒட்டியிருந்த எங்கள் சோளக்காடு இப்போது வெறும் மணல்மேடு. கோடையில் அம்மா மீன் கழுவினால் குடலில் பாசிதான் இருக்கும். ஆறு கரையேறினாலோ மண்புழு, வெட்டுக்கிளி, எறும்பு என்று நிலத்தில் இருந்ததெல்லாம் அதற்குள் இருக்கும்.

என் சின்ன வயதில் ஓர் ஆடியில், வலையில் விழுந்த கெளுத்தியைக் கொடுத்துவிட்டு ஆறு ஏறுவதற்குள் பம்புசெட் மோட்டாரைக் கழற்ற அப்பா காட்டுக்குப் போனார். அம்மா வயிற்றைக் கீறினாள். பால் பிடித்த சோளமணிகள் பிதுங்கின.

"காட்டுக்குள்ள தண்ணி பூந்திருச்சு சாமி, அப்பனக் கூப்புடு."

ஓடினோம். மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் ஆறு ஓடியது. அப்பா கிடைக்கவேயில்லை.

வெள்ளம் வடிந்ததும் ஊரே மீன் சமைத்தது. அம்மா மட்டும் எந்த மீனின் வயிற்றையும் கீறிப் பார்க்கத் துணியவில்லை.