மலைக்கு மேலே தெரிந்த வரிசை

கொழும்பு வெள்ளவத்தையில் வானம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். எங்கே இருக்கிறது? காலி வீதிப் பக்கம் பார்த்தால் கடைப் பலகைகளின் வெளிச்சம். கடல் பக்கம் பார்த்தால் ஹோட்டல்காரன் அலைக்கே லைட் அடிக்கிறான். அலைக்கு எதற்கு லைட்? மின்வெட்டுக் காலத்தில் எங்கள் பிளாட் மாடியிலிருந்து வானத்து வெள்ளிகள் கொஞ்சம் தெரிந்தன. எண்ணத் தொடங்குவதற்குள் எதிர் பிளாட்காரர்கள் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் வேலை செய்து, வெள்ளவத்தையில் வந்து விழுந்தவன். என் மனைவி மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நான் ஓய்வு பெற்றதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஊருக்குப் போய் இருப்போம். அவளுடைய தம்பி அங்கே ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டியிருக்கிறான். பக்கத்தில் எங்களுக்கும் ஒரு அறை போடலாம் என்கிறான். எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. குளிர், அட்டைக் கடி, அவசரத்துக்கு ஒரு பஸ் கிடையாது. டெலிபோனில் சொன்னால் தம்பி விடமாட்டான். நேரே போய் முடியாது என்று சொல்வதற்காகவே போன மாசியில் அவளோடு ரயில் ஏறினேன். அவளுக்கும் அது தெரியும். வழியெல்லாம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கோட்டை ஸ்டேஷன் வரை கடல் கூடவே வந்தது. பிறகு மலைநாட்டு ரயில். ரம்புக்கனை தாண்டியதும் எஞ்சின் மூச்சு வாங்கத் தொடங்கியது. நான் எதையும் லேசில் புகழ்கிறவன் இல்லை. ஆனால் கடுகண்ணாவைப் பக்கம் ஜன்னலால் கீழே பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். கடல் ஒரே மட்டமாகக் கிடக்கும். இங்கே நிலமே எழுந்து நிற்கிறது. ஒரு பக்கம் பாறை தோளில் உரசுவதுபோல வந்தது. மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் மலை, அந்த மலைக்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்கும் பின்னால் நீலமாக ஒன்று. அற்றனில் இறங்கி பஸ்ஸில் போகும்போது நீர்த்தேக்கம் வந்தது. அதன் கரையில் தேயிலை, சீவி வாரிய தலைபோல.

யாத்திரைக்குப் பேர்போன சிவனொளிபாத மலை மட்டும் தெரியவில்லை. தம்பி வீட்டு வாசலில் நின்று அவன் கை காட்டிய இடத்தில் முழுக்க மேகம். கல்யாண வீடு, செத்த வீடு என்று முன்பு வந்தபோதும் இதே கதைதான். மழை, இல்லாவிட்டால் மேகம். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் கொழும்புக்கு ஓடிவிடுவேன்.

இருட்டியதும் தம்பி கதிரையை வாசலில் போட்டான். நிலவு இல்லை. மேகம் எப்போது போனதோ தெரியாது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கை நீட்டிக் கத்தினேன்.

"இங்க பாரடா இந்த வரிசைய! ஒண்டுக்குப் பின்னால ஒண்டா, வளைஞ்சு வளைஞ்சு மேல போகுது. எவ்வளவு பெரிய வெள்ளிகள்!"

"எது மச்சான்? அந்த மஞ்சளா தெரியிறதா?"

"ஓம், அதுதான். அதுக்கு என்ன பேர்?"

அவன் வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டான். "அக்கா, ஓடி வா. மச்சான் பேரு கேக்குறாரு."

மனைவி ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "அதுங்களா? அதுக்குப் பேரு லைட் போஸ்ட்டுங்க. மலைக்கு ஏறுற படிக்குப் போட்டிருக்கு."

"நல்ல வேளை, கும்பிடாம விட்டீங்க மச்சான்" என்றான் தம்பி.

"வாய மூடு. உங்கட மலைய பகல்ல காட்டியிருந்தா நான் ஏன் ஏமாறுறன்?"

"பகல்ல அதுக்கு வெக்கம் மச்சான். கொழும்பு ஆள் வந்திருக்காருல்ல."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஆத்திரம். யாத்திரைக் காலத்தில் படிகளுக்கு லைட் போடுவார்கள் என்று எனக்கும் தெரியும். மலை அவ்வளவு உயரத்தில் இருக்கும் என்றுதான் தெரியாது. வானத்தில் பாதிக்கு மேலே நிலம் இருக்கும் என்று எந்த மடையன் நினைப்பான்?

"லைட் முடியிற எடத்துக்கு மேல பாருங்க" என்றாள் அவள். "அதெல்லாம் நெசம்."

பார்த்தேன். கடைசி லைட்டுக்கும் முதல் வெள்ளிக்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை. படி ஏறி முடிந்த இடத்திலேயே வானம் தொடங்கியது. அதற்கு மேலே இடமே மிச்சம் இல்லாமல் வெள்ளிகள். பெரியது, சின்னது, சிவந்தது, நீலம் பூத்தது. உச்சியில் மூன்று ஒரே வரிசையில் நின்றன. இது எல்லாம் வெள்ளவத்தைக்கு மேலேயும் ஒவ்வொரு இரவும் இருந்திருக்கிறது. நாங்கள்தான் லைட்டைப் போட்டு அழித்திருக்கிறோம்.

மனைவி சிரிப்பை நிறுத்தினாள். "தம்பி இருக்கான். சொல்ல வந்தத சொல்லிருங்க."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அறையின்ட ஜன்னல எந்தப் பக்கம் வைக்கப் போற?" என்று அவனிடம் கேட்டேன்.

"ரோட்டுப் பக்கந்தான் மச்சான். மலைப் பக்கம் காத்து அடிக்கும், குளிரும்."

"குளிரட்டும். மலைப் பக்கம் வை. ஆனா அடைமழைக்கு நான் இங்க இருக்க மாட்டன். அட்டைக்கு ரத்தம் குடுக்க என்னால ஏலாது. மழை தொடங்கினா கொழும்புக்குப் போயிருவம். சரியா?"

அவள் உள்ளே போய் என் குளிர்ச்சட்டையை எடுத்து வந்து மடியில் போட்டாள்.