ஒரே பாட்டு, பெரிய பெட்டி

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். பின்பக்க ரூமில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலி அண்ணன் இருந்தார். நான் இருந்தேன். அப்போது நாலாவது படித்தேன். நடுவில் ஒரு பெட்டி இருந்தது. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாரும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம்.

பென்னலூரில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாருக்கும் ஷிப்ட் இல்லை.

அந்த வாரம் வீட்டில் ஒரே பயம். புதன்கிழமை அப்பாவுக்குக் கம்பெனியில் மெடிக்கல் டெஸ்ட். அப்பா பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆள். தகட்டை மெஷின் அடிக்கும், கார் கதவாக வந்து விழும். நாள் முழுக்க அதுதான். பழைய ஆட்களில் சிலரைப் பெர்மனெண்ட் ஆக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். மெடிக்கலில் பாஸ் ஆனால் ஆர்டர் வரும். ஆகாவிட்டால் மறுபடி வேலைக்கே கூப்பிட மாட்டார்கள்.

அம்மாவின் பயம் சர்க்கரை வியாதி. பெரியப்பாவுக்கு அது இருந்தது. அதனால் அப்பாவின் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். தினமும் பாகற்காய். அப்பா பேசாமல் சாப்பிட்டார். அவர் எதையுமே பேசாமல்தான் சாப்பிடுவார், அதனால் பிடித்ததா இல்லையா என்று தெரியாது. புதன்கிழமை என்ற வார்த்தையையே அம்மா சொல்ல மாட்டாள். அந்த நாள் என்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமா பெட்டியோடு வந்தார்.

மாமா ஒரு வெளிநாட்டு இன்ஜினியருக்குக் கார் ஓட்டினார். அந்த ஆள் காரில் எப்போதும் கிட்டார் பாட்டு போடுவாராம். இங்கிலீஷ் பாட்டு. நாற்பது வருஷத்துப் பழசு. மாமாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் பிடித்துப்போனது. இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது கேசட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமா அதைத் தேயத் தேயக் கேட்டார். பிறகு மெட்ராஸில் ஒரு கடையில் சொல்லிவைத்து, அதே பாட்டைப் பெட்டியாக வரவழைத்தார்.

பெட்டி கனமாக இருந்தது. உள்ளே வெல்வெட் துணி. சிடிகள். தடியாக ஒரு படப் புத்தகம். மடித்த போஸ்டர். அந்தக் காலத்துக் கச்சேரி டிக்கெட் ஒன்று, அதைப்போலவே புதிதாக அச்சடித்தது.

அம்மா எரிந்து விழுந்தாள். "கேசட்டுல கீற பாட்டுதானடா இது? அதே பாட்டை எத்தினி வாட்டிடா வாங்குவ?"

மாமா விளக்கினார். இது அதே பாட்டுதான், ஆனால் அழுக்கெடுத்த பாட்டு. பாட்டுக் கம்பெனியில் பூட்டிவைத்திருந்த முதல் டேப்பை எடுத்து, இரைச்சலை நீக்கிப் போட்டிருக்கிறார்கள். அதோடு பாட்டுக்காரர்கள் பழகும்போது பாடியது, பாதியில் நிறுத்தியது, தப்பாக வாசித்தது எல்லாம் தனி சிடியில் இருக்கிறது.

திருநெல்வேலி அண்ணன் விடவில்லை. "தப்பாப் பாடினதுக்கும் சேத்தா துட்டு வாங்குதான் மாப்ளே?"

டிக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைக் கொண்டுபோனால் எந்தக் கொட்டகையில் உள்ளே விடுவான் என்று கேட்டார். படப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, ரொம்ப நல்லா எழுதியிருக்கான் என்றார். மாமா பிடுங்கிக்கொண்டார். அம்மாகூடக் கொஞ்சம் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

வாக்குவாதம் நீண்டது. கேசட்டே போதும் என்று அண்ணன். பெட்டிதான் பாட்டு என்று மாமா. கடைசியில் அப்பா சொல்லட்டும் என்று முடிவானது. அப்பா யார் பக்கமும் பேசாதவர். மாமாவின் டேப் ரெக்கார்டரில் கேசட்டும் போடலாம், சிடியும் போடலாம். முதலில் அது, பிறகு இது. எது நன்றாக இருக்கிறது என்று அப்பா சொல்ல வேண்டும்.

நான் சுவரோரம் உட்கார்ந்து என் டப்பாவோடு விளையாடிக்கொண்டிருந்தேன். அது பிஸ்கட் டப்பா. அதில் ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குச்சிகள் இருக்கும். பஞ்சு மாதிரி. விரலால் நசுக்கினால் ஒல்லியாகும், விட்டால் மெதுவாக உப்பும். அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்து சனிக்கிழமை தருவார். ஒரு கவரில் ஜோடியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் அது கிடையாது. என் பொம்மைக்கு அதுதான் தலையணை.

மாமா கேசட்டைப் போட்டார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி உஸ்ஸென்று ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து கிட்டார் வந்தது. பாட்டு முடிந்தது. பிறகு சிடி. இரைச்சலே இல்லை. கிட்டாருக்குப் பின்னால், கேசட்டில் இல்லாத ஒரு சின்ன மணி. டிங், டிங் என்று விட்டுவிட்டு அடித்தது. எனக்கே பிடித்திருந்தது.

என் மாமாவுக்கு என் அப்பா மாமா. "இப்ப சொல்லு மாமா. எது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் ஒண்ணுதான்டா."

அண்ணன் கையைத் தட்டினார். அண்ணாச்சி நம்ம கட்சி என்றார். மாமாவுக்கு முகம் சுருங்கியது. அந்த இரைச்சல் இதில் இல்லையே என்றார். எந்த இரைச்சல் என்று அப்பா கேட்டார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சரி, அந்த மணி என்றார் மாமா. எந்த மணி என்றார் அப்பா.

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா சிரிக்கவில்லை.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், "குல்ஃபிக்காரன் மணி மாதிரி அடிக்குதே பா."

அப்பா என் வாயைப் பார்த்தார். "இப்பவா அடிக்குது?"

அந்தக் கோடை முழுக்கக் குல்ஃபிக்காரன் மணி அடித்துக்கொண்டு எங்கள் தெருவில் போனான். அப்பா எழுந்திருக்கவே மாட்டார். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

அம்மா எழுந்து அப்பாவின் முதுகுப் பக்கம் போய் நின்றாள். மெதுவாகக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். திரும்பவில்லை. அம்மா அப்படிக் கூப்பிட்டு அவர் திரும்பாததை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துப் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். இரண்டு நாள் பேச மாட்டாள். அன்றைக்குப் பாத்திரம் எதையும் வைக்கவில்லை. சுற்றி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மெடிக்கல்ல காது பாப்பாங்களா?"

"பாப்பாங்க."

அவ்வளவு நாள் சர்க்கரைக்குப் பயந்தவள், பாகற்காய்க் கூடையைப் பார்த்தாள்.

திருநெல்வேலி அண்ணன் வேலைக்குச் சேரும்போது அந்தக் காது டெஸ்ட் எடுத்தவர். அவர் விவரம் சொன்னார். கண்ணாடி ரூமில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்கள். வெளியே நர்ஸ் ஒரு பொத்தானை அமுக்கினால் உள்ளே கீச்சென்று கேட்கும். கேட்டதும் நாம் நம் பொத்தானை அமுக்க வேண்டும். இப்போது அவர் கேலி எல்லாம் போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, பிறகு அப்பாவுக்காக உயர்த்தி, சொன்னார்: "அந்தப் புள்ள அமுக்கும்போது தோளு அசையும் அண்ணாச்சி. அதைப் பாத்து அமுக்கிருங்க."

உடனே பழகிப் பார்த்தார்கள். பெட்டிக்கு அப்போதுதான் ஒரு வேலை வந்தது. நான்தான் நர்ஸ். அப்பாவுக்கு எதிரில் என்னை உட்காரவைத்து, மாமா அந்தப் பாட்டைச் சின்னதாக வைத்தார். மணி அடிக்கும்போதெல்லாம் நான் தோளை அசைக்க வேண்டும். அப்பா விரலைத் தூக்க வேண்டும். எனக்கு நல்ல விளையாட்டு. தோளை அசைத்தேன், அப்பா தூக்கினார். அசைத்தேன், தூக்கினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணன் பாஸ் என்றார். அம்மா மூச்சு விட்டாள்.

மாமா என்னைத் தூக்கி அப்பாவின் பின்னால் உட்காரவைத்தார். மறுபடி பாட்டு. நான் தோளை அசைத்துக்கொண்டே இருந்தேன். அப்பா கையை முட்டியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். பாட்டு முடியும்வரை விரல் அசையவில்லை. அப்பா தோற்றுவிட்டார் என்று நான் சிரித்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அம்மா, முதலில் செய்த மாதிரியே செய்யலாம், என்னை எதிரிலேயே உட்காரவைக்கலாம் என்று அவசர அவசரமாகச் சொன்னாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நர்ஸு தோளைப் பாத்து அமுக்கிடலாம். அப்பறம் பின்னாடி ஃபோர்க்லிப்ட் வந்து ஹாரன் அடிச்சா யார் தோளைப் பாக்கறது?"

மாமா டேப் ரெக்கார்டரை நிறுத்தினார். அப்பா முகத்துக்கு நேராக வந்து கேட்டார்.

"மெஷின் சத்தத்துக்குக் காதுல வெக்கறது குடுப்பாங்களே மாமா. நீ வெச்சிக்கலையா?"

"வெச்சா பக்கத்துல கீறவன் கூவறது கேக்காது" என்றார் அப்பா. சொல்லும்போது மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மாமாவும் திரும்பி என்னைப் பார்த்தார். என் டப்பாவிலிருந்து ஒரு ஆரஞ்சுக் குச்சியை எடுத்தார். விரலால் உருட்டி ஒல்லியாக்கித் தன் காதுக்குள் வைத்தார். அது உப்பும்வரை இருந்தார். எடுத்தார். டப்பாவிலேயே போட்டார். பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, நான் மூடியைப் போட்டு டப்பாவைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். அம்மா எதிரில் போய் நின்று ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். அம்மா உள்ளே போய் டீ போட்டாள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டாள், நான் பார்த்தேன். சர்க்கரை போட்டதால் பாஸ் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியும்விட்டேன்.

கண்ணாடி ரூமில் நர்ஸ் தெரிகிற மாதிரிதான் நாற்காலி போட்டிருந்ததாம். அப்பா எழுந்து அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். நான் பெரியவளான பிறகு மாமா சொன்னார்.

பிறகு அப்பா ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். சத்தம் இல்லாத இடம். நல்ல வேலைதான் என்பார்.

மாமாவிடம் பெட்டி இன்னும் இருக்கிறது. இந்த மாதிரிப் பெட்டி இப்போதும் வருகிறதாம். பழைய பாட்டைக் கழுவித் துடைத்து, புத்தகம் வைத்து, ஆளை ஏமாற்றுகிறான் என்று திருநெல்வேலி அண்ணன் இன்றைக்கும் போனில் சொல்கிறார். வாங்கலாமா கூடாதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. டிக்கெட்டும் போஸ்டரும் வீண். தப்பாக வாசித்த சிடியை நான் ஒருமுறை முழுக்கக் கேட்டேன். நடுவில் நிறுத்தி யாரோ சிரிக்கிறான், மறுபடி ஆரம்பிக்கிறான். அது நன்றாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்த மணி இல்லாவிட்டால், காது போனது அப்பாவுக்குக் கண்ணாடி ரூமில் தெரிந்திருக்கும். தனியாக. எங்கள் வீட்டில் தெரிந்தது.

இப்போது நானும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். உள்ளே போகும்போது அதே ஆரஞ்சுக் குச்சியைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். காதில் வைத்துக்கொண்டுதான் மெஷின் பக்கம் போகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்பா எனக்குக் குச்சி கொண்டுவரவில்லை. கோபம் போல என்று இருந்துவிட்டேன். போன மாதம் பரண் ஒழித்தபோது பிஸ்கட் டப்பா கிடைத்தது. பாயில் கொட்டினேன். இன்னும் நசுக்கினால் உப்புகிறது. ஒவ்வொன்றாக எடுத்துவைத்து எண்ணினேன்.

நூற்று நாற்பத்தாறு.