புது பிளேயரும் அசையாத பாப்பாவும்

நல்ல சவுண்டு வேண்டுமென்று இன்று காலை கம்ப்யூட்டரில் புது மியூசிக் பிளேயர் ஏற்றினேன். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை முழுதாக வைத்து, கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்வது என் வழக்கம். இந்த பிளேயர் அந்தக் குறைப்பை மதிக்காது என்று எனக்குத் தெரியாது.

பாட்டைத் தட்டியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதறி ஒயரைப் பிடுங்கினேன்.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஐந்து மாதப் பாப்பா அசையவே இல்லை.

சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "என்னாங்க, இவ முழிக்கவே இல்லியே?"

மூச்சு சீராக இருந்தது. கை தட்டினோம். பேர் சொல்லிக் கூப்பிட்டோம். அப்போதும் முழிக்கவில்லை.

"இவளுக்குக் காது கேக்குதுங்களா?" என்றாள்.

தூங்குகிறவளை அப்படியே தூக்கிக்கொண்டு, எங்கள் ஊர் வேங்கிக்காலிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா பாப்பாவை எழுப்பி, அவள் முதுகுக்குப் பின்னால் சின்ன மணியை ஆட்டினார். பாப்பா உடனே திரும்பினாள். மனைவி அழுதுவிட்டாள்.

"நல்லா கேக்குதும்மா. அசந்து தூங்கியிருக்கா," என்றவர், என்னைப் பார்த்து, "அவ்ளோ சத்தம் கொழந்த காதுக்கு ஆவாது சார்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கர்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள் மனைவி.

நல்ல ஹெட்ஃபோன் எது, சொல்லுங்கள். அவளிடம் கேட்கும் தைரியம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்.