பாறை இடுக்கில் கிடைத்த பதில்

நீலத் தண்ணி கேன் ரெண்டு. அதுக்கும் பிரியாணி தேக்சாவுக்கும் நடுவில், முதலாளியின் புது ஜீப்பில் பின்னால் என்னை உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் முதலாளியும் அவர் மச்சினனும். டெக்ஸாஸின் மேற்குப் பாலைவனத்தில் ஒரு பாறைப் பிளவு இருக்கிறது, ஓர் ஆள் அகலம்தான் வழி, அதைப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். ஹூஸ்டனில் அவர் கடையில் நாலு வருஷமாக நான் பிரியாணி மாஸ்டர். அங்கேயும் சமைக்கத்தான் கூட்டிப்போனார். என் கிரீன் கார்டுக்கு அவர்தான் பேப்பர் போட வேண்டும். எப்போது கேட்டாலும் போட்டாச்சு என்பார்.

ஃப்ரீவே முடிந்து, தார் ரோடும் முடிந்து, ரெண்டு மணி நேரம் கல்லிலும் மணலிலும் ஓட்டினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தேக்சா முழங்காலில் இடித்தது. "பின்னாடி மாஸ்டருக்கு தம் போட்டாச்சு மச்சான்," என்று மச்சினன் சிரித்தார். முதலாளியும் சிரித்தார்.

பாதை முடிந்த இடத்தில் அடுப்பு வைத்தேன். எங்கள் ஆம்பூர்ப் பக்கத்துப் பிரியாணிக்கு அரிசியைக் கழுவி, ஊறவைத்து, நிறைய தண்ணியில் வேகவிட்டு வடிக்க வேண்டும். மூணு தண்ணி கழுவினால்தான் முதலாளிக்கு அரிசி. அன்றைக்கும் கழுவச் சொன்னார். தண்ணி பத்தாது என்றேன். "உனக்கெதுக்கு அந்தக் கணக்கு? கழுவு." கழுவினேன். வடித்த தண்ணி மணலில் போனது. கொதிக்கிற தண்ணியை மணல் எவ்வளவு சீக்கிரம் குடிக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சாப்பிட்டு முடித்தபோது கேன் ரெண்டும் காலி. ஆளுக்கு ஒரு பாட்டில் மிச்சம்.

மச்சினன் ஜீப் நிழலில் படுத்துவிட்டார். முதலாளியும் நானும் காய்ந்த ஆற்றில் ஒரு மணி நேரம் நடந்தோம். அவர் பாட்டில் பாதி வழியில் தீர்ந்தது. பிளவுக்குள் வெயில் இல்லை. ரெண்டு பக்கமும் பாறை, தேய்த்துக் கழுவின பாத்திரம் மாதிரி வழவழப்பு. அவர் தொப்பைக்குப் பக்கவாட்டில்தான் போக முடிந்தது. ஓரிடத்தில் தரை ஓர் ஆள் உயரம் இறங்கியது. நான் மேலேயே நின்றேன். அவர் சறுக்கி இறங்கிப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். ஏற முடியவில்லை. மூணு தரம் வழுக்கி விழுந்தார்.

"டேய், தண்ணியக் குடு."

என் பாட்டிலில் பாதி இருந்தது. மேலே உட்கார்ந்தேன். பேப்பர் போட்டீங்களா என்று கேட்டேன். போட்டாச்சுடா என்றார். மூடியைத் திருகி மூடினேன். அவர் கத்தினார். என் வீட்டுப் பெண்களையெல்லாம் சேர்த்துத் திட்டினார். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த இடுக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்:

"போடல. போட்டா நீ ஓடிருவ."

நாலு வருஷம். வாப்பா மவுத்தாகி அடக்கம் பண்ணினபோதுகூட நான் ஊர் போகவில்லை. போனால் கிரீன் கார்டு காரியம் கெட்டுவிடும் என்று சொன்னவரும் அவர்தான்.

பாட்டிலை மேலேயே வைத்துவிட்டு இறங்கினேன். இதைச் சொன்னால், ஏன் இறங்கினாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜீப் சாவி அவர் பாக்கெட்டில் இருந்தது. அதுக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குனிந்து தோளைக் கொடுத்தேன். ஷூவோடு ஏறினார். மேலே போய்த் தண்ணியைப் பூராவும் குடித்தார், நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதுகை ஒரு பாறையிலும் காலை எதிர்ப் பாறையிலும் முட்டுக்கொடுத்து ஏறினேன். முதுகுத்தோல் போனது.

ஜீப்புக்கு வந்தபோது மச்சினனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இருந்த தண்ணியெல்லாம் அரிசில ஊத்திட்டான். என்னைக் கொல்லப் பார்த்தான்." பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஹூஸ்டன் வரைக்கும் யாரும் என்னோடு பேசவில்லை. மறுநாள் கடைக்குப் போகவில்லை.

இப்போது வேறு மாநிலத்தில், ஐசலின் என்கிற ஊரில் ஒரு பிரியாணிக் கடையில் வேலை. சேர்ந்த அன்றைக்கு இந்த முதலாளி வெங்காயம் நறுக்கச் சொன்னார். பேப்பர் போட்ட ரசீதைப் பார்த்துவிட்டு நறுக்குகிறேன் என்றேன். திமிர் பிடித்தவன் என்றார். மூணு வாரம் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். ரசீது வந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பக்கத்து மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண்ணிடம் கொடுத்து, என் பேர் இருக்கிறதா என்று ரெண்டு தரம் படித்துக்காட்டச் சொன்னேன். இருந்தது. அதுக்கப்புறம்தான் கத்தியை எடுத்தேன்.